கொளுக்கிப்புழுவும் ஈரலும்

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு எழுதப்படும்போது கூலி பேசப்படுகின்றது, துண்டுமுறை பேசப்படுகின்றது, 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பேசப்படுகின்றது. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் அவ்வரலாற்றின் ஒரு பகுதி அம்மக்களுடைய உடலுக்குள்ளே, வலப்புற விலாவெலும்பின் கீழே, ஈரலில் நிகழ்ந்தது. அதனை எழுதிவைத்தவர்கள் மருத்துவர்கள். எழுதிய இடம் இலண்டனில் அச்சான ஏடுகள். யாருடைய ஈரலைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுள் ஒருவரேனும் அவ்வேடுகளைக் கண்டிருக்க நியாயமில்லை.

இதனை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி. தோட்டத்துப் பழைய வாழ்வைப் பற்றிய பாடமொன்றில், என் அம்மாயியின் தாயார் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று புழு மருந்து குடித்த கதையைச் சொல்லி, அக்காலத்தில் காபன் நாற்குளோரைட்டையே மருந்தாகக் கொடுத்தார்கள் என்றும் சொல்லியிருந்தேன். மறுநாள் அம்மாணவி எழுந்து நின்றாள். “சேர், காபன் நாற்குளோரைட்டு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்று இரசாயன ஆசிரியர் சொல்கிறார். நீங்கள் மருந்து என்கிறீர்கள். எது மெய்?” என்றாள். இரண்டும் மெய் என்றேன். அவள் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கொளுக்கிப்புழு சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சி வாழ்வது. அரை அங்குல நீளமும் இல்லாதது. மிலான் நகரத்து மருத்துவர் துபினி இதனை 1838 இல் ஒரு பெண்ணின் உடலறுவையில் கண்டார். ஒரு புழு குடிக்கும் குருதி சில துளியே. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் மனிதன் வெளிறிப் போகின்றான், கால் வீங்குகின்றது, மலையேற மூச்சு வாங்குகின்றது. அத்தகையவனைத் துரைமார் சோம்பேறி என்றனர். 1887 இல் இலங்கையின் தலைமைக் குடியியல் மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி, இந்நாட்டில் ‘பெரிபெரி’ என வழங்கிய குருதிச் சோகையைப் பற்றி அறிக்கை எழுதினார். அந்தச் சோகையின் பெரும் பங்கு உண்மையில் இப்புழுவின் வேலை. எனினும் அது உடலுக்குள் புகும் வழி அப்போது விளங்கவில்லை. 1898 இல் எகிப்தில் லூஸ் என்னும் செருமானிய அறிஞரின் கைமேல் புழுக்குஞ்சு நிறைந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. தோல் அரித்தது, சில கிழமைகளில் அவரது மலத்திலேயே முட்டைகள் தோன்றின. வெறுங்காலின் தோலே அதன் வாயில் என்பது அவ்வாறு வெளிப்பட்டது.

மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் பொரிந்து, குஞ்சாகி, அம்மண்ணை மிதிக்கும் காலுக்குக் காத்திருக்கின்றது. இதற்குத் தோட்டத்தைக் காட்டிலும் வாய்ப்பான இடம் வேறு வேண்டுமா? நுவரெலியாவின் குளிரில் முட்டை பொரிவது குறைவு. மாத்தளைப் பகுதியின் தாழ்ந்த தோட்டங்களில் மிகுதி. ஆனால் மலசலகூடம் இல்லாத லயமும் வெறுங்காலும் மேலேயும் கீழேயும் ஒன்றுதான். தோட்டத்துரைமார், புழு இந்தியாவிலிருந்து கூலிகளோடு கப்பலேறி வந்தது என்று வாதாடினர். வந்தது உண்மை. வந்த புழு இங்கே தலைமுறை தலைமுறையாகத் தழைத்தது எவ்வாறு என்னும் கேள்விக்கு அவ்வாதத்தில் விடையில்லை. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1912 இல் வந்த சட்டங்களும் நோயுற்ற தொழிலாளிக்கு மருந்து கொடுக்கும் கடமையைப் பேசின. நோய் உண்டாகாதிருக்க மண்ணைத் துப்புரவாக்குவது செலவு பிடிக்கும் காரியம். அது பின்தங்கியே நின்றது.

1916 ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் அனைத்துலகச் சுகாதாரப் பிரிவு, மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1909 முதல் நடந்த இயக்கத்தின் தொடர்ச்சி அது. சோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புழு இருந்தது. தோட்ட முதலாளிகள் இவ்வேலையை வரவேற்றதன் காரணத்தை மறைக்கவில்லை. குருதி ஏறிய தொழிலாளி கூடுதலாகக் கொழுந்து பறிப்பான். மருத்துவர்களும் தம் வேலையின் பயனை அதே மொழியில் எடுத்துச் சொல்லக் கற்றிருந்தனர். அவர்களைக் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுள் பலர் உண்மையாகவே நோயைத் தீர்க்க விரும்பினர். பணம் கேட்கப்பட்ட இடத்தில் பேசவேண்டிய மொழி அதுவாக இருந்தது.

அப்போது கையிலிருந்த மருந்துகள் இரண்டு. ஒன்று தைமோல். இது நம் அடுக்களை ஓமத்தின் சாரமே. இந்தியாவில் விளைந்த ஓமம் செருமனிக்கு ஏற்றுமதியாகி, அங்கே வடித்தெடுக்கப்பட்டு, மருந்தாகி உலகெங்கும் போயிற்று. 1914 இல் யுத்தம் வந்ததும் வழி அடைபட்டு, தைமோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஓமம் விளைந்த நாட்டின் மக்களே ஓமச்சாரத்துக்கு ஏங்கி நிற்கும்படி வாணிகம் அமைந்திருந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகின்றது. மற்றது செனொப்போடியம் எண்ணெய். அமெரிக்கக் களைச்செடி ஒன்றின் வித்திலிருந்து இறக்கியது. இது நரம்பைத் தாக்கும், காதை அடைக்கும், அளவு சற்று மிஞ்சினால் உயிரையும் வாங்கும். இரண்டையும் பட்டினியோடு உண்டு, பின் பேதிக்குக் குடித்து, சில நாள் கழித்து மறுபடியும் உண்ணவேண்டும். மருந்து குடித்த நாளில் மலையேற முடியாது. அன்றைக்குப் பேர் விழுமா, அரைப்பேராவது விழுமா என்பதே தொழிலாளியின் முதற் கவலையாய் இருந்திருக்கும். துரைக்கோ, கைவிட்டுப் போகும் வேலைநாள் கவலை. ஆகவே ஒரே வேளையில், மலிவாக, விரைவாகப் புழுவைக் கொல்லும் மருந்து எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

அந்த மருந்து 1921 இல் வந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் விலங்குகளின் புழுக்களை ஆராய்ந்த மொரிஸ் ஹோல், நாய்களின் கொளுக்கிப்புழுவைக் காபன் நாற்குளோரைட்டு ஒரே வேளையில் வெளியேற்றுவதைக் கண்டார். மனிதருக்கு ஆகுமா என்று பார்க்கத் தாமே 3 கன சென்ரிமீற்றர் அளவை விழுங்கினார். தீங்கொன்றும் நேரவில்லை. அந்த அறிஞரின் துணிவை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விழுங்கியவர் நன்றாக உண்டு உடுத்த, நோயற்ற ஒரு மனிதர், தாம் விழுங்குவது இன்னதென்று அறிந்து விழுங்கியவர்.

மறு ஆண்டே, 1922 இல், கொழும்பு நுண்கிருமி ஆய்வு நிலையத்தின் லூசியஸ் நிக்கொல்ஸ், ஹம்ப்ரன் என்பாருடன் சேர்ந்து, மனிதரின் கொளுக்கிப்புழுவுக்குக் காபன் நாற்குளோரைட்டு கொடுத்த விவரத்தைப் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். நாயிலிருந்து மனிதனுக்கும், வாசிங்டனிலிருந்து இலங்கைக்கும் அம்மருந்து வந்து சேர ஓராண்டு போதுமாயிருந்தது. துணிகளின் எண்ணெய்க் கறையைப் போக்கவும் தீயை அணைக்கவும் பயன்பட்ட, இனிப்பு மணமுள்ள அத்திரவம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு வாய், பின்பு பேதியுப்பு என்ற முறையில் மருந்தாயிற்று. தென்கடலில், நம்மவர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்த பீஜியில், லாம்பேட் என்னும் மருத்துவர் அதே ஆண்டில் இருபதினாயிரம் பேருக்கு அளித்த அனுபவத்தை எழுதினார்.

மருத்துவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இம்மருந்து ஈரலைத் தொடும் என்ற ஐயம் முதலிலேயே அவர்களுக்கு இருந்தது. குளோரபோம் மயக்கமருந்து ஈரலைக் கெடுப்பதை முன்னரே அறிந்திருந்தனர். 1922 இல் டொகேட்டி, பேர்ஜஸ் ஆகிய இருவரும் காபன் நாற்குளோரைட்டு ஈரலில் செய்யும் வேலையைப் பற்றியே இலங்கையிலிருந்து ஒரு கட்டுரை எழுதினர். 1923 இல் டொகேட்டியும் நிக்கொல்சும் இம்மருந்துண்டோர் மூவரின் உடலறுவைச் சோதனைகளை வெளியிட்டனர். பிலிப்பைன் தீவுகளில் லீச் என்பார், மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவனுக்கு மருந்தைக் கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் ஈரலை எடுத்துப் பார்த்தார். அம்மனிதனிடம் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ!

ஆயிரக்கணக்கானோர் குடித்தனர்; மிகப் பலர் நலமடைந்தனர்; வெளிறிய முகங்களில் குருதி ஏறியது. இதனை மறுப்பது வரலாற்றுக்கு இழைக்கும் தவறு. ஆனால் இடையிடையே ஒருவர், மருந்துண்ட இரண்டாம் மூன்றாம் நாளில் வாந்தியெடுத்து, கண் மஞ்சளித்து, நினைவிழந்து இறந்தார். அதே அளவு, அதே புட்டி. பக்கத்தில் நின்றவருக்கு ஒன்றுமில்லை. ஏன்? 1923 இல் அமெரிக்காவில் லாம்சன் குழுவினர் நாய்களில் ஆராய்ந்து, சாராயமும் கொழுப்பும் வயிற்றில் இருந்தால் நஞ்சு பன்மடங்காகும் என்றனர். சில ஆண்டுகள் கழித்து லாம்சனுடன் மினொட் என்னும் பெண்மணி ஆராய்ந்து, உடலில் கல்சியம் குறைந்தவர்க்கு ஆபத்து மிகுதி என்றார். குடிகாரருக்குக் கொடாதே, பிள்ளைகளுக்குக் கவனம், வட்டப்புழு நிறைந்த வயிறாயின் கவனம் என்று விதிகள் சேர்ந்துகொண்டே போயின.

இவ்விதிகளைத் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சாராயம் குடியாதவனாய் இருக்கவேண்டும். ஆனால் அரசாங்கத்துக்கு வருமானம் தரும் தவறணை தோட்டத்து எல்லையிலே திறந்திருக்கின்றது. கல்சியம் வேண்டும்; பாலும் மீனும் சம்பளத்தில் அடங்கா. வட்டப்புழு இருக்கலாகாது, மலசலகூடம் இல்லாத லயத்தில் எந்தப் பிள்ளையின் வயிற்றில் அது இல்லை? நூறு பேர் நிற்கும் வரிசையில் ஒவ்வொருவரையும் நேற்றிரவு என்ன குடித்தாய், என்ன தின்றாய் என்று விசாரிப்பார் யார்? மருந்தின் விதிகளெல்லாம் வேறொரு வாழ்வு வாழ்ந்தவனுக்காக எழுதப்பட்டவை போலிருந்தன.

ஈரலில் நிகழ்ந்தது என்னவென்று விளங்கப் பின்னும் நாற்பது ஆண்டுகள் சென்றன. காபன் நாற்குளோரைட்டு தன்னளவில் அசையாத பொருள். தீயிலே ஊற்றினாலும் எரியாதது. அதனை நஞ்சாக்குவது ஈரலே. உடலுக்குள் வரும் அந்நியப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவதற்காக ஈரற்கலங்களில் நொதியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று காபன் நாற்குளோரைட்டின் மூலக்கூறுக்கு ஓர் இலத்திரனைக் கொடுக்கின்றது. குளோரீன் அணு ஒன்று கழன்று போகின்றது. எஞ்சுவது இணையற்ற இலத்திரனைத் தாங்கிய ஒரு துணுக்கு. இதனைச் சுயாதீன மூலிகம் என்பர். 1961 இல் பட்லர் என்பார் இவ்வகைப் பிளவு நிகழக்கூடும் என்று காட்டினார். 1966 இல் இங்கிலாந்தின் சிலேற்றர் இதனை ஒரு கொள்கையாக வகுத்தார். அமெரிக்காவின் ரெக்நேகலும், இத்தாலியின் கொம்போட்டி, தியான்சானி ஆகியோரும் அதே காலத்தில் அதே திசையில் சென்றுகொண்டிருந்தனர்.

இலத்திரன்கள் இணையிணையாக இருப்பதே இயல்பு. இணையிழந்த மூலிகம் தன் குறையை அருகிலுள்ளதிலிருந்து பறித்தே தீரும். அது ஒட்சிசனோடு சேர்ந்தால் இன்னும் மூர்க்கமாகின்றது. கலத்தின் சவ்வுகளில் உள்ள கொழுப்பமிலங்களிலிருந்து ஐதரசனைப் பறிக்கின்றது. பறிகொடுத்த கொழுப்பமிலம் தானும் மூலிகமாகி, ஒட்சிசனை ஏற்று, அடுத்ததைப் பறிக்கின்றது. வெயிற்காலத்தில் மானாப்புல்லில் பிடித்த தீ சரிவெங்கும் பரவுவதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தீத்தடுப்புக்குக் கலத்திடம் குளுற்றாதயோன் என்ற பொருளும் உயிர்ச்சத்து ஈயும் உண்டு. தடுப்பினும் தீ மிகும் நிலையையே ஒட்சியேற்றத் தகைப்பு என்கின்றோம். சவ்வு சிதைகின்றது, வெளியே நிற்க வேண்டிய கல்சியம் உள்ளே பாய்கின்றது, அனுப்பப்பட வேண்டிய கொழுப்பு ஈரலிலேயே தேங்குகின்றது, கலம் மடிகின்றது. அந்நொதியம் மிகுதியாக உள்ள பகுதி ஈரற் சிறுசோணையின் நடுநாளத்தைச் சூழ்ந்த பகுதி. ஆதலின் சாவும் அங்கேதான் தொடங்குகின்றது.

சாராயத்தின் மர்மமும் இங்கே அவிழ்கின்றது. நாள்தோறும் குடிப்பவனின் ஈரலில் அதே நொதியம் பெருகுகின்றது. பெருகிய நொதியம் கூடுதலான மூலிகத்தைப் பிறப்பிக்கின்றது. பெரட்டுக்களத்தில் ஒரே புட்டியிலிருந்து குடித்த இருவருக்கு வெவ்வேறு விதி நேர்ந்ததன் காரணம் புட்டியில் இல்லை. முந்திய மாதங்களில் அவர்கள் வாழ்ந்த வாழ்வில் இருந்தது.

இங்கே இன்னொரு கசப்பான செய்தி. 1966 இல் மக்லீன் இணையர் எலிகளுக்குப் புரதமற்ற உணவைக் கொடுத்துப் பின் காபன் நாற்குளோரைட்டைக் கொடுத்தனர். பட்டினி எலிகள் கொழுத்த எலிகளைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன! புரதம் இன்மையால் நஞ்சை உண்டாக்கும் நொதியமே குறைந்துபோயிருந்தது. அவ்வெலிகளுக்கு டீ.டீ.ரீ. கொடுத்தபோது நொதியம் மீண்டும் பெருகியது, ஈரலும் கெட்டது. எலியைக் கொண்டு மனிதனை அளக்க இயலாது. எனினும் நம் முன்னோருட் சிலரை அன்று காத்தது அவர்களுடைய வறுமைதானோ என்ற எண்ணம் இதனைப் படித்தபோது எனக்கு எழுந்தது. அந்த எண்ணத்தில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

1925 இல் அதே ஹோல், சிலிங்கர் என்பாருடன் சேர்ந்து நாற்குளோரோ எதிலீன் என்னும் சற்றுச் சாதுவான மருந்தைக் கண்டார். அது மெல்ல மெல்ல முன்னதன் இடத்தைப் பிடித்தது. 1958 இல் குட்வின், ஜயவர்தன, ஸ்ராண்டன் ஆகியோர் பெபீனியம் என்னும் புதுமருந்தை இலங்கையில் சோதித்து அதே பிரித்தானிய ஏட்டில் எழுதினர். இன்று பள்ளிப் பிள்ளைகள் மென்று விழுங்கும் மெபெண்டசோல் வில்லை அவ்வழியில் பின்னர் வந்தது. அந்த ஒற்றை வில்லையைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மருந்துகள் மாறின, வெறுங்காலும் மண்ணும் மாறத் தாமதமாயின. மலசலகூடம் இல்லாத லயத்தில் புழு நீங்கியவனுக்கு அதே மண்ணில் புழு மீண்டும் ஏறியது. மீண்டும் ஏறியதால் மீண்டும் மருந்து. ஒருமுறை போதுமாயிருந்த நஞ்சை ஒரே உடல் பலமுறை விழுங்க நேர்ந்தது இதனால்தான். மலசலகூடத்துக்குச் செலவாகாத பணத்தை ஈரல் செலுத்தியது.

காபன் நாற்குளோரைட்டு இப்போது எவருக்கும் மருந்தன்று. ஓசோன் படையைக் கெடுப்பதால் 1990 இல் மொன்றியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆயினும் ஆய்வுகூடங்களில் அதற்கு ஒரு வேலை உண்டு. ஈரலைக் காக்கும் மூலிகை எது என்று அறிய விரும்புவோர் முதலில் எலிக்கு இதனைக் கொடுத்து ஈரலைக் கெடுத்து, பிறகு கீழாநெல்லியையோ மஞ்சளையோ கொடுத்துப் பார்க்கின்றனர். ஒருகாலத்தில் மனிதருக்குக் கொடுத்த மருந்து இன்று நஞ்சுக்கு அளவுகோல்! கீழாநெல்லி பற்றி ஒரு சொல்: எலியில் பலித்தது மனிதரில் அவ்வாறே பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1988 இல் சென்னையிலிருந்து தியாகராசனும் புளும்பேர்க்கும் மஞ்சட்காமாலைக் கிருமியை அது நீக்குவதாக எழுதினர். பின் வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. பச்சிலை ஆதலின் தீங்கில்லை என்று எண்ணுவோருக்கு நம் தேயிலையே சான்று. கோப்பையில் குடிக்கும் தேநீர் ஈரலுக்குப் பகையன்று. அதே பச்சைத் தேயிலையின் சாரத்தை வடித்து உடல் மெலிய விழுங்கும் குளிசையாக விற்றபோது ஈரல் கெட்டவர்கள் தோன்றினர். 2003 இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் அத்தகைய குளிசையொன்று சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. அந்தக் கொழுந்து எந்த மலையில் பறிக்கப்பட்டதோ!

இவையெல்லாம் பழங்கதை என்று வகுப்பில் முடித்திருப்பேன். ஆனால் அம்மாணவி விடுவதாயில்லை. “இப்போது நாங்கள் விழுங்குவதில் இப்படி ஏதும் உண்டா சேர்?” என்றாள். உண்டு. பெனடோல்.

பெனடோல் என்று நாம் அழைக்கும் பரசிற்றமோல், அளவுக்குள் நல்ல மருந்து. அதன் பெரும்பகுதியை ஈரல் தீங்கின்றி மாற்றி வெளியேற்றுகின்றது. ஒரு சிறு பகுதியை மட்டும் அதே நொதியம், ஆம், காபன் நாற்குளோரைட்டைப் பிளந்த அதே நொதியம், நச்சுப் பொருளாக்குகின்றது. குளுற்றாதயோன் அதனை உடனே கட்டிவிடுகின்றது. மருந்து மிகுந்தால் குளுற்றாதயோன் தீர்ந்துபோகின்றது. நச்சுப் பொருள் கலத்தின் புரதங்களைப் பற்றுகின்றது. மறுபடியும் அதே தீ. 1966 இல் எடின்பரோவில் இத்தகைய மரணங்கள் முதன்முதலாக எழுதப்பட்டன. 1973 இல் அமெரிக்காவில் மிச்செல் குழுவினர் குளுற்றாதயோனின் பங்கைக் காட்டினர். அதனை மீண்டும் நிரப்பும் மாற்று மருந்தை எடின்பரோவின் பிரெஸ்கொற் நிலைநாட்டினார். அம்மருந்து முதற் சில மணி நேரத்துள் கொடுக்கப்பட்டால் ஏறத்தாழ எல்லோரையும் காக்கும். ஆகவே அளவு மிஞ்சியவர் நோவு தோன்றும்வரை காத்திருக்கலாகாது. முதல் நாளில் உடம்பு நன்றாயிருப்பது போலவே தோன்றும். வளர்ந்தவர்க்கு ஒரு நாளின் மேலெல்லை 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் வில்லை எட்டு. உண்ணாதவருக்கும், மெலிந்தவருக்கும், குடிப்பவருக்கும் அந்த எல்லை இன்னும் கீழே இறங்குகின்றது. குளுற்றாதயோனை ஆக்குவது நாம் தின்னும் புரதம்.

தலைவலிக்குப் பெனடோல், காய்ச்சலுக்குப் பெனடோல், நாள் முழுதும் கூடை சுமந்த தோளின் உளைச்சலுக்கும், அட்டை கடித்த காலோடு மழையில் நின்ற முழங்காலின் குடைச்சலுக்கும் பெனடோல். தோட்டத்துக் கடையில் அட்டையைக் கத்தரித்து இரண்டு, நான்கு என்று தருகின்றனர். அளவும் எச்சரிக்கையும் அச்சிட்ட பெட்டி கடையிலேயே நின்றுவிடுகின்றது. நாள் ஒன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை தவறாமல் நிறுக்கப்படுகின்றது. அந்நிறையைப் பறிப்பதற்காக விழுங்கப்படும் வில்லைகளை எவரும் எண்ணுவதில்லை.

மாணவி அன்று மாலை தன் தாயிடம் கேட்டிருக்கின்றாள், கொழுந்து மிகுந்த மாதத்தில் நாளொன்றுக்கு எத்தனை போடுவீர்கள் என்று. மறுநாள் வந்து எனக்குச் சொன்னாள். தாய் விரல் மடக்கிக் காலையில் இரண்டு, மலையில் இரண்டு, வந்தபின் இரண்டு, படுக்கப்போகையில் இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்து, நடுவிலே நிறுத்தி, “மழை நாளையும் சேர்த்தா கேட்கிறாய்?” என்றாளாம்.